ஒன்றுமே நடக்காத செவ்வாய்க்கிழமை

#1 உறையூர்க்காரி
செவ்வாய், இரவு 10.47

வீடு தூங்கிவிட்டது. அவருக்குப் பொன்மலையில் இரவு ஷிப்டு. நான் மட்டும் அடுக்களைப் படியில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எங்காவது எழுதிவைக்க வேண்டும் போல இருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலை ஐந்தரைக்குப் பால் வந்தது. பால்காரர் மணியடிக்கும் முன்பே பூனை படியில் ஆஜர். அத்தை அதற்கு வைத்த பெயர் கணக்குப்பிள்ளை. பால் அளந்து ஊற்றுவதை அது பார்க்கிற பார்வைக்கு வேறு பெயர் பொருந்தாது.

நாய்க்குப் பெயர் பொரி. போன வருஷம் ஆயுத பூசையன்று தெருவில் சிந்திய பொரியைப் பொறுக்கிக்கொண்டிருந்த குட்டி. நாய் நிலைப்படி தாண்டக்கூடாது என்பது அத்தையின் சட்டம். பொரி இன்றுவரை மீறியதில்லை. நாலு கால், வயிறு, வால் எல்லாம் வெளியே. மூக்கு மட்டும் உள்ளே. மூக்கைப் பற்றி அத்தை ஒன்றும் சொல்லவில்லையே என்பது அதன் கட்சி.

பாப்பாவுக்கு மூன்று வயது இரண்டு மாதம். காலை இட்லியை மூன்றாகப் பிய்த்து, "எனக்கு ஒண்ணு, பொரிக்கு ஒண்ணு, கணக்குக்கு ஒண்ணு" என்று பங்கு வைத்தாள். கணக்குப்பிள்ளை முகர்ந்துவிட்டு நகர்ந்தது. "கணக்குக்கு இட்லி வேணாமாம். அதுக்குப் பதிலா நான் சாப்புடுறேன்னு பொரி சொல்லுச்சு" என்று அந்தப் பங்கும் வாசலுக்குப் போனது. பதினொரு மணிக்குக் குளியல். பூனைக்கும் தலைக்கு ஊற்ற வேண்டும் என்று ஒரே அழுகை. பூனை பீரோ மேல் ஏறிவிட்டது. மத்தியானம் அவளைத் தூங்கவைக்கப் போய் நான்தான் தூங்கினேன். எழுந்தபோது என் நெற்றியில் நாலு ஸ்டிக்கர் பொட்டு. சாயங்காலம் துணி கிளிப் இரண்டைக் காணவில்லை, பொரி வாயில் ஒன்று கிடைத்தது. ராத்திரி சாப்பாடு முடிந்து நடந்தால் பாதத்தில் நறநறவென்று காய்ந்த சோற்றுப் பருக்கை.

அவ்வளவுதான். ஏன் எழுதுகிறேன் என்றால், மூன்று வாரம் முன்பு பாப்பாவுக்கு டெங்கு. நாலு நாள் ஆஸ்பத்திரி. காய்ச்சல் விட்டதும் நாங்கள் சந்தோஷப்பட்டோம். டாக்டரம்மா கையைத் தூக்கி நிறுத்தினார்: "இப்பதாம்மா ஜாக்கிரதையா இருக்கணும். காய்ச்சல் இறங்குற ரெண்டு நாள்தான் முக்கியம். வயித்து வலி, தொடர் வாந்தி, ஈறுல ரத்தம், ஒண்ணுக்குக் குறையுறது, குழந்தை துவண்டு போறது, எது இருந்தாலும் உடனே கூப்பிடுங்க." அந்த இரண்டு நாளும் பாப்பா ஒன்றுக்குப் போன கணக்கைத்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பொரி பாப்பாவின் செருப்பு மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது, எழுந்திருக்கவில்லை. தட்டில் வைத்த சோறு அப்படியே எறும்பு மொய்த்துக் கிடந்தது. உள்ளே போனேன். தரை சுத்தமாக இருந்தது. ஒரு பருக்கை இல்லை, ஒரு கிரேயான் துண்டு இல்லை. காலில் எதுவுமே ஒட்டவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அந்தத் தரையைப் பார்த்துத்தான் உட்கார்ந்து அழுதேன்.

சரி, உங்கள் வீட்டில் இன்றைக்கு ஒன்றும் நடக்காமல் என்னவெல்லாம் நடந்தது? சொல்லுங்கள்.


#2 மொட்டைமாடி
செவ்வாய், இரவு 11.02

மூக்கைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை :) பொரிக்கு நல்ல வக்கீல் புத்தி.


#3 தோகா_தையல்காரர்
செவ்வாய், இரவு 11.40

அக்கா, நான் கத்தாரில் இருக்கிறேன். ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். பையனுக்கு இரண்டரை வயது. இங்கே வேலை விட்டு ஐந்தரைக்கு அறைக்கு வந்தால் அங்கே எட்டு மணி, அவன் தூங்குகிற நேரம். அதனால் பஸ்ஸிலேயே போன் போட்டுவிடுவேன்.

வீடியோவில் அவன் முகத்தை நான் பார்ப்பது கால்வாசி நேரம்தான். முக்கால்வாசி நேரம் வீட்டு ஓடு தெரியும், இல்லை அவன் கட்டைவிரல். மூன்று மாதமாகப் புதிதாக ஒன்று: வீட்டில் கோழி அடை வைத்து ஒன்பது குஞ்சு பொரித்தது. தினமும் ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்துப் போனுக்கு நேரே காட்டி "அப்பா, கும்புடு சொல்லு" என்பான். நானும் பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் கும்பிடு சொல்லுவேன். பக்கத்து சீட்டு நேபாளிக்காரர் முதலில் ஒரு மாதிரி பார்த்தார், இப்போது அவரும் கை கூப்புகிறார். இரண்டைப் பருந்து கொண்டுபோய்விட்டது. அவனுக்கு இன்னும் ஒன்பதுதான், முதல் இரண்டையே திரும்பக் காட்டி எண்ணிக்கையைச் சரி செய்துவிடுகிறான்.

இன்றைக்கு என் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. ஏழு குஞ்சுக்கு ஒன்பது கும்பிடு.


#4 அலுப்புச்சாமி
புதன், காலை 6.55

காலங்காத்தாலே குறை சொல்ல வருகிறேன், கோபிக்க வேண்டாம்.

எங்கள் வீட்டிலும் ஒரு நாலு வயதுப் பையன், ஒரு நாய், யாரோ விட்டுவிட்டுப் போன ஒரு பூனை. இன்று காலை பூனை பள்ளிக்கூடப் பையில் ஒன்றுக்குப் போய்விட்டது. பையைத் துவைத்தது என் மனைவி. நேற்று நாய் வாந்தி எடுத்தது, துடைத்தது மனைவி. இந்த மாதிரி பதிவைப் படித்துவிட்டு "ஆகா, என்ன அழகு" என்று நெகிழ்ந்தது நான். நன்றியுணர்ச்சி எல்லாம் பினாயில் வாளியைத் தொடாதவனுக்குச் சுலபம். அந்தச் சோற்றுப் பருக்கையைத் தரையிலிருந்து சுரண்டுகிறவர் யார் என்பதையும் எழுதினால்தான் கணக்கு சரியாக வரும்.


#5 உறையூர்க்காரி
புதன், காலை 9.20

அலுப்புச்சாமி அண்ணா, சுரண்டுவது நான்தான். தோசைத் திருப்பியால். ஈரத்துணி போட்டு ஐந்து நிமிஷம் ஊறவிட்டால் சுலபமாக வரும்.

நீங்கள் சொல்வது நியாயம்தான். எங்கள் வீட்டில் பொரியின் குளியல், உண்ணி எடுப்பது, வாசல் கழுவுவது அவர் வேலை. நைட் ஷிப்டு முடிந்து வந்து தூக்கக் கண்ணோடு உண்ணி எடுப்பார். அதற்காக அவருக்குப் பாராட்டு விழா எடுக்க மாட்டேன். ஆனால் ஒன்று: எனக்கு நன்றி வந்தது நெகிழ்ந்து இல்லை. அந்தத் தரையில் சுரண்ட ஒன்றும் இல்லாமல் போன ஒரு நாளைப் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் சுரண்டும்போது வைகிறேன், ஆனால் முன்னைப் போல வையவில்லை.


#6 நாலுமூலைக்கோலம்
புதன், காலை 10.05

@அலுப்புச்சாமி: இவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்கிற மனிதர் இன்று காலை அந்தப் பையைத் துவைத்திருக்கலாமே? ஆறு ஐம்பத்தைந்துக்குப் பதிவு போட நேரம் இருந்ததே.


#7 அலுப்புச்சாமி
புதன், காலை 10.31

மாட்டிக்கொண்டேன்.


#8 ஓய்வுபெற்ற_ஆய்வாளர்
புதன், மதியம் 1.15

கால்நடைத் துறையில் ஆய்வாளராக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். உறையூர் மகளே, படித்தேன், மனம் நிறைந்தது. ஆனால் கை சும்மா இருக்காது, நாலு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

இட்லி கொடுப்பது இருக்கட்டும், பொரிக்குப் போகிற பங்கு சாம்பார் படாததாக இருக்கட்டும். வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் ஆகாது, ரத்தச் சிவப்பணுவை அழிக்கும். சின்ன வெங்காய சாம்பார் என்றால் கேட்கவே வேண்டாம். திராட்சை, சாக்லேட் இரண்டும் நாய்க்கு ஆகாது. குழந்தை கையில் இருப்பதும் அவைதானே. வீட்டில் காய்ச்சல் என்று பாரசிட்டமால் சிரப் திறந்து வைத்திருப்பீர்கள். பூனை சோர்ந்து கிடக்கிறதே என்று அதில் ஒரு துளிகூடக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

குட்டிக்குக் குடற்புழு மருந்து ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் முதலாவது, பிறகு வருஷம் தவறாமல். இதில் மட்டும் சோம்பல் கூடாது. ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்றால், பணியில் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்தில் பசுமாடு தொண்டை கம்மிக் கத்துகிறது, எச்சில் ஒழுக்குகிறது, தீனி எடுக்கவில்லை என்று கூப்பிட்டார்கள். தொண்டையில் பனங்கொட்டை சிக்கியிருக்கும் என்று வீட்டுக்காரர் வாய்க்குள் முழங்கை வரை விட்டுத் தேடியிருந்தார். அது வெறிநோய். சில வாரம் முன்பு நாய் கடித்ததை மாட்டுக்காரப் பையன் யாரிடமும் சொல்லவில்லை. நல்லவேளை, அந்தக் குடும்பத்தில் அத்தனை பேருக்கும் ஊசி போட வைத்துவிட்டோம். வெறிநோய் அறிகுறி வந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம், அதற்கு முன்னால் முழுக்கத் தடுக்கக்கூடிய காரியம்.

பொரி சோறு எடுக்காமல் செருப்பில் படுத்திருந்ததற்கு ஒரு வார்த்தை. நாய்க்கு வீடு என்பதே வாசனைதான். உங்கள் வீட்டில் பாப்பாவின் வாசனை அதிகம் இருந்த பொருள் அந்தச் செருப்பு. அதன் மேல் தாடையை வைத்தது தற்செயல் இல்லை.


#9 கிளிப்பச்சை
புதன், மதியம் 2.48

நானும் சொல்கிறேன். பெரியம்மா வீட்டில் கூண்டில் ஒரு பச்சைக் கிளி. என் மகள் போனால் "வா கண்ணு, வா கண்ணு" என்று கூப்பிடும். அவள் அதற்குக் கொய்யா கொண்டுபோவாள்.


#10 மொட்டைமாடி
புதன், மதியம் 3.10

கொய்யா சரி, கூண்டு சரியில்லைங்க. நம்மூர்ப் பச்சைக் கிளியை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சோசியக்காரர் வைத்திருப்பதும் அப்படித்தான். வனத்துறையில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். ரொம்ப நாள் கூண்டில் இருந்ததை நாமாகத் திறந்துவிட்டால் காக்கை கொத்திவிடும்.


#11 கிளிப்பச்சை
புதன், மாலை 5.30

சட்டம் தெரியாது. பெரியம்மாவிடம் பேசுகிறேன். மகளிடம் பேசுவதுதான் கஷ்டம்.


#12 காபித்தூள்
புதன், இரவு 8.20

ஆய்வாளர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. போன மாதம் எங்கள் பூனை பையனின் கையைக் கீறிவிட்டது. மாமியார் ஓடிவந்து காபித்தூளை அப்பிவிட்டார்கள். (என் பெயருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) அப்புறம்தான் பயந்துபோய் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டார்கள். நாங்கள் செய்ததில் என்ன தப்பு?


#13 ஓய்வுபெற்ற_ஆய்வாளர்
புதன், இரவு 9.00

காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் கூடாது தாயே. குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். வெறிநோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பு, சோப்பு அதைக் கரைத்துவிடும். பதினைந்து நிமிஷம் என்றால் உண்மையிலேயே பதினைந்து நிமிஷம், குழந்தை கத்தினாலும். கட்டுப்போட வேண்டாம். அப்புறம் ஆஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரியில் இந்த ஊசிக்குக் காசு இல்லை. தோலில் போடுகிற முறையில் அன்றைக்கு ஒன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றிப் போடுகிற ஊசி தனியாக உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டும். 28-ஆம் நாள் ஊசியைத்தான் நிறையப் பேர் மறப்பார்கள். நீங்கள் போட்டீர்களா?


#14 காபித்தூள்
புதன், இரவு 9.04

வருகிற சனிக்கிழமை. காலண்டரில் வட்டம் போட்டுவிட்டேன்.


#15 ஐந்துமாதம்
புதன், இரவு 10.36

எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. ஆறு வருஷமாக வளர்க்கிற பூனை. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, கொண்டுபோய் விட்டுவிடு என்று புகுந்த வீட்டில் தினமும் பேச்சு. நேற்று ஒரு அட்டைப்பெட்டியே வந்து இறங்கிவிட்டது. இந்த இழையை மூன்று தடவை படித்துவிட்டேன். உண்மையிலேயே விட்டுத்தான் ஆகணுமா?


#16 ஓய்வுபெற்ற_ஆய்வாளர்
வியாழன், காலை 6.10

வேண்டியதில்லை மகளே. அவர்கள் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. டாக்ஸோபிளாஸ்மா என்கிற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வரலாம், கர்ப்பத்தில் புதிதாகத் தொற்றினால் சிசுவுக்குக் கெடுதல். ஆனால் மலத்தில் வந்தவுடனே அது தொற்றாது, குறைந்தது ஒரு நாளாவது ஆகும். அதனால் பூனை வெளிக்குப் போகிற மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்தால் ஆபத்து பெருமளவு போய்விடும். சுத்தம் செய்வது நீங்களாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். பச்சைக் கறி பூனைக்குப் போடாதீர்கள். உங்களுக்கும் கறி நன்றாக வெந்திருக்க வேண்டும். தோட்ட மண்ணில் கை வைத்தால் கையுறை. பூனையைவிட வேகாத கறியிலும் கழுவாத கீரையிலும்தான் கவனம் தேவை. அடுத்த முறை போகும்போது உங்கள் டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள், அவர் வாயால் சொன்னால் பெட்டி தானாகத் திரும்பிப் போகும்.


#17 அலுப்புச்சாமி
வியாழன், காலை 7.15

கவனிக்கவும்: மணல் தட்டைத் தினமும் கணவர்தான் அள்ள வேண்டும் என்று துறையே சொல்கிறது. நேற்று இரவிலிருந்து எங்கள் வீட்டுத் தட்டு என் பொறுப்பு. மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதுகிறேன்.


#18 கேட்டுத்தாழ்ப்பாள்
வியாழன், இரவு 11.25

எங்கள் டைகர் போய் எட்டு மாதம். பதினாலு வயது, ராஜபாளையமும் தெருவும் கலந்த வெள்ளை நாய். மகன் பிறப்பதற்கு ஒன்பது வருஷம் முன்பே வீட்டில் இருந்தது. அவன் முதல் முதலாகப் பிடித்துக்கொண்டு நின்றது அதன் காதை. வலித்திருக்கும், கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்.

கேட்டின் உட்பக்கம், தாழ்ப்பாளுக்குக் கீழே, நகத்தால் பிறாண்டின இடம் பெயின்ட் போய்த் தகரம் தெரியும். பொங்கலுக்குப் பெயின்டர் வந்தார். அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். "பூரா அடிச்சாத்தான் சார் பார்க்க லட்சணமா இருக்கும்" என்றார். விட்டுவிடுங்கள் என்றேன்.

போன வாரம் மகன் கேட்டான்: "அப்பா, டைகர் செத்ததுக்கு இப்ப எத்தனை வயசு?" எட்டு மாதம் என்றேன். "அப்ப இன்னும் நடக்கத் தெரியாது" என்றான்.

உறையூர் அம்மா, நீங்கள் கேட்டதற்குப் பதில் இல்லை இது. இன்றைக்கு எழுதத் தோன்றியது.


#19 நாலுமூலைக்கோலம்
வியாழன், இரவு 11.31

பதில்தான்.


#20 தோகா_தையல்காரர்
வெள்ளி, இரவு 9.15

லீவு நாள். இரண்டு தடவை பேசினேன். குஞ்சுகள் வளர்ந்துவிட்டன, போனுக்கு நேரே நிற்க மாட்டேன் என்கின்றன. பையன் அதற்குப் பதிலாக ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்தான். அது போனை நக்கிவிட்டது. அரை மணி நேரம் திரை மங்கலாகவே இருந்தது, யாரும் துடைக்கவில்லை. நானும் துடைக்கச் சொல்லவில்லை.


#21 உறையூர்க்காரி
ஞாயிறு, மாலை 6.40

நாலு நாள் வரமுடியவில்லை. எல்லாருடையதையும் படித்தேன். கேட்டுத்தாழ்ப்பாள் சார், உங்களுடையதை அவருக்கும் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் மனிதர் எழுந்துபோய்ப் பொரிக்கு உண்ணி பார்க்க ஆரம்பித்துவிட்டார். வெள்ளிக்கிழமைதான் பார்த்திருந்தார்.

ஆய்வாளர் ஐயா, சாம்பார் நிறுத்தியாகிவிட்டது. ஊசி அட்டையைத் தேடி எடுத்தேன், வெறிநோய் ஊசி அடுத்த மாதம்.

இன்றைக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. பாப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அத்தை வெக்காளியம்மன் கோயிலுக்குப் போய்ச் சீட்டு எழுதிக் கட்டிவிட்டு வந்தார்கள். உறையூர்ப் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்கிறேன்: மேற்கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் இருக்கிற அம்மன், வேண்டுதலைச் சீட்டில் எழுதிச் சூலத்தில் கட்டுவார்கள். அத்தைக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத வராது, அன்றைக்கு அவசரத்தில் கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தது எதிர்வீட்டுப் பையன், பத்தாவது படிக்கிறான். இன்று கிரிக்கெட் பந்து எடுக்க வந்தவன் பொரியைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது இப்ப சாப்புடுதா?" என்றான். ஏன்டா கேட்கிறாய் என்றேன். "இல்ல, பாட்டி சீட்டுல பாப்பாவுக்கு எழுதச் சொல்லிட்டு, கீழ இன்னொரு வரி போடச் சொன்னாங்க. 'நாயும் சோறு எடுக்கணும்'னு."

அத்தையிடம் கேட்டேன். "அவன் கெடக்கான், படிக்கிற புள்ளைக்கு இங்க என்ன வேலை" என்று அடுக்களைக்குள் போய்விட்டார்கள்.

இப்போது மழை. கரண்ட் இல்லை. பாப்பா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சுவரில் கையால் முயல் காட்டுகிறாள், கணக்குப்பிள்ளை அதை அறையப் பார்க்கிறது. வாசலில் சாரல் அடிக்கிறது. பொரியின் மூக்கு உள்ளே இருக்கிறது. முன்னங்கால் இரண்டும்கூட உள்ளே இருக்கின்றன. அத்தை அதைத் தாண்டிப் போய்த்தான் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள்.

போனில் நாலு சதவீதம்தான் இருக்கிறது. கரண்ட் வந்ததும் வருகிறேன்.


#22 மொட்டைமாடி
ஞாயிறு, மாலை 6.52

முன்னங்காலைப் பற்றிச் சட்டத்தில் என்ன இருக்கிறது?